விக்டோரியா காலத்துச் செங்கல் சுவரா? சிமெண்டுக்கு முன் சாவி

இங்கிலாந்தில் பராமரிப்பில்லாத விக்டோரியா மகாராணி காலத்து (1837–1901) வீட்டின் வெளிச்சுவரைச் சரிசெய்யும் முன், செங்கல் இடுக்கைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். வெளிறிய தூளாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புக் கலவைதான். சுண்ணாம்பாலேயே அடையுங்கள், அதுவும் அரித்துப்போன இடுக்குகளில் மட்டும். சுவர் முழுக்க இடுக்குகளைக் கொத்தியெடுத்து அடைக்கச் சொல்பவருக்குத் தண்டமாகக் காசு கொடுக்க வேண்டாம்.

சுண்ணாம்பு செங்கல்லைவிட மிருதுவானது, ஈரம் அதன் வழியே வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். அப்புறம் குளிர்காலத்தில் உள்ளே தேங்கிய நீர் உறைந்து விரிய, செங்கல்லின் முகமே பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்.

5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுண்ணாம்பு சரியாக இறுகாது, அப்போது இந்த வேலை வேண்டாம். இடுக்கில் ஏற்கெனவே கெட்டியான சிமெண்ட் இருந்து, செங்கல்லும் நன்றாக இருந்தால், சரி, விட்டுவிடுங்கள். வெட்டியெடுக்கப் போனால் செங்கல் ஓரம்தான் உடையும்.