கூழ் ஆலையின் தினசரி அறிக்கை: முதல் பக்கத்தில் எதை வைப்பது?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ சீசன் தொடங்கிவிட்டால், கூழ் ஆலை முதலாளிக்குத் தினமும் ஓர் எக்செல் அறிக்கை போகும். ஏகப்பட்ட நெடுவரிசைகள், நான்கைந்து நிறங்கள், மூலையில் ஒரு வட்ட வரைபடம். அவர் அதைத் திறப்பதோடு சரி. விவரம் வேண்டுமென்றால் மேற்பார்வையாளரைத்தான் போனில் கூப்பிடுவார்.

இந்த அறிக்கையைப் பார்த்து அவர் இன்று எதை முடிவு செய்யப்போகிறார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும், நாளைக்கு எத்தனை லோடு பெங்களூரா ரக மாம்பழம் வாங்குவது என்பதாகத்தான் இருக்கும். அப்படியானால் பழுக்கவைக்கும் கூடத்தின் இருப்பு, நேற்று அரைத்த டன், அதில் கிடைத்த கூழ் ஆகிய மூன்றும் மேலே இடது பக்கம் வரட்டும். டீசல் கணக்கு மாதக் கடைசிக்குப் போகலாம்.

"கூழ் 52 சதவீதம்" என்று மட்டும் போட்டால் அது நல்லதா, கெட்டதா? பக்கத்திலேயே இலக்கையும் சென்ற வாரச் சராசரியையும் சிறிய எழுத்தில் சேருங்கள்.

வட்ட வரைபடத்தை எடுத்துவிடுங்கள். வட்டத்தின் கோணங்களைவிட, ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளின் முனைகளைக் கண் துல்லியமாக ஒப்பிடுகிறது என்பதை 1984-இல் கிளீவ்லேண்ட், மெக்கில் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் இருவரும் சோதித்துக் காட்டிவிட்டார்கள். போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டணம் என ஊர்வாரியான வரவுக்குப் பட்டை வரைபடமே போதும். பெரியது மேலே, அளவுகோல் பூஜ்ஜியத்திலிருந்து. சிவப்பு, இலக்கு தவறிய இடத்துக்கு மட்டும். (முப்பரிமாணப் பட்டைகளைப் பற்றி நான் வாய் திறக்காமல் இருப்பதே நல்லது.)

எத்தனை மணி வரையிலான கணக்கு என்பதையும் தலைப்பிலேயே எழுதுங்கள். இரவு பத்துக்கு மேல் எடைமேடை ஏறும் லாரி மறுநாள் கணக்கில் விழுந்தால், காலையில் கொள்முதல்காரர் ஓர் எண்ணும் கணக்கர் இன்னோர் எண்ணும் சொல்லி மல்லுக்கு நிற்பார்கள்.