ஃபேன்சர்வீஸ் நிறைந்த விளையாட்டு அனிமேயை மூணு எபிசோடில் எடைபோடுவது எப்படி

ஒரு விளையாட்டு அனிமேயின், அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின், போஸ்டரில் நாலு பெண்கள் நீச்சலுடையில் நிற்கிறார்கள், பின்னால் கடல், ஒருத்தி கையில் பந்து. இதைப் பார்த்ததுமே பாதிப் பேர் "இதெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் அனிமேயா" என்று மூடிவிடுகிறார்கள், மீதிப் பேர் அந்தப் படத்துக்காகவே திறக்கிறார்கள். ரெண்டு தரப்பும் எழுதுகிற முதல் அபிப்பிராயத்தில் பந்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. எனக்கு வாலிபால் பிடிக்கும், பெண்கள் ஜெயிக்கத் துடிக்கும் கதைகள் ரொம்பவே பிடிக்கும், அதனால் இது எனக்கு முக்கியமான விஷயம். ஃபேன்சர்வீஸ், அதாவது ரசிகர்களை இழுக்கவென்றே சேர்க்கும் கவர்ச்சி, இருக்கிறதா என்று ஆராய வேண்டாம், அதை போஸ்டரே சொல்லிவிட்டது. ஒரு பாயிண்ட் முடிவாகும் நேரத்தில் கேமரா எங்கே நிற்கிறது, அந்த பாயிண்ட் அந்தப் பெண்ணுக்கு எதற்காக வேண்டும், இந்த ரெண்டையும் கவனித்துச் சொல்லிவிட்டால் உங்கள் முதல் அபிப்பிராயம் மற்றவர்களுக்கும் உதவும்.

மூணு எபிசோடாவது பாருங்கள். இந்த மாதிரித் தொடர்கள் பெரும்பாலும் 12 அல்லது 13 எபிசோட்தான், முதல் எபிசோட் ஆளைப் பிடித்து உட்காரவைக்கச் செய்தது, அதில் கவர்ச்சியைக் கொஞ்சம் தாராளமாகவே கொட்டியிருப்பார்கள். ஆட்டம் எப்படிக் காட்டப்படப்போகிறது என்பது அடுத்த ரெண்டில்தான் தெரியவரும். நம்ம நீலகிரிப் பக்கம் ஜூன், ஜூலையில் காற்றோடு மழை பிடித்தால் மரம் விழுந்து கரண்ட் போவதும், எஸ்டேட் லைன் வீடுகளில் சிக்னல் ஒரு கோடு காட்டிவிட்டு மறைவதும் தெரிந்த கதை. குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ இறங்கும்போதே மூணையும் இறக்கி வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் சார்ஜ் முழுசாக இருக்கும்போது ஒரே மூச்சில் பாருங்கள். போனில் வேண்டாம், சின்னத் திரையில் முகமும் உடம்பும்தான் தெரியும், பந்து தெரியாது. இந்த வகைத் தொடருக்கு அது பெரிய அநியாயம்.

பார்ப்பதற்கு முன்னால் அந்த ஆட்டத்தின் விதிகளைக் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இதுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. உதாரணத்துக்கு ஹருகானா ரிசீவ் என்ற தொடரை எடுத்துக்கொள்கிறேன். 2018 ஜூலையில் வந்தது, சி2சி ஸ்டுடியோ, 12 எபிசோட், ஒகினாவா தீவில் நடக்கும் பீச் வாலிபால் கதை. பீச் வாலிபாலில் ஒரு அணிக்கு ரெண்டே பேர். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. கோர்ட் 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், அதாவது நாம் ஆடும் ஆறு பேர் கோர்ட்டைவிட நீளத்தில் 2 மீட்டரும் அகலத்தில் 1 மீட்டரும்தான் குறைவு, அந்த மணலை ரெண்டு பேர் காக்க வேண்டும். எதிரி அடியை நெட்டுக்கு மேல் கை உயர்த்தித் தடுக்கும் பிளாக்கில் பந்து பட்டால், அதுவும் ஒரு அணிக்கு உள்ள மூணு தொடுதலில் ஒன்றாகக் கணக்கு. விரல் நுனியால் பந்தை மெதுவாக எதிர்ப்பக்கம் தட்டிவிடக் கூடாது. முதல் ரெண்டு செட் 21 பாயிண்ட், மூணாவது 15. முதல் ரெண்டு செட்டில் ஏழு பாயிண்டுக்கு ஒருமுறை பக்கம் மாறுவார்கள், ஏனென்றால் காற்றும் வெயிலும் ஒரு பக்கத்துக்கே சாதகமாக இருந்துவிடக் கூடாது. மலையில் திறந்த கிரவுண்டில் ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று சர்வீஸ் போட்டவர்களுக்கு அந்த விதியின் அருமை தெரியும்.

இதெல்லாம் தெரிந்தால் என்ன ஆகும்? நெட்டுக்குப் பக்கத்தில் நிற்பவள் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவாள். ஒரு விரல் என்றால் கோட்டை ஒட்டி வரும் அடியை அடைக்கிறேன் என்று அர்த்தம், ரெண்டு விரல் என்றால் குறுக்காக வருவதை, மூடிய கை என்றால் பிளாக் போடப் போவதில்லை. மிச்சம் இருக்கும் இடத்தைப் பின்னால் இருப்பவள் பார்த்துக்கொள்ள வேண்டும். கேமரா ஒருத்தியின் முதுகுப் பக்கம் போய் நிற்கும்போது, விதி தெரியாதவருக்கு அது வெறும் ஃபேன்சர்வீஸ் ஷாட். தெரிந்தவர் விரலைப் பார்ப்பார், அடுத்த அடி எங்கே வரும் என்று கணக்குப் போடுவார். ஒரே ஷாட் ரெண்டு வேலையும் செய்யலாம். என் சித்தி பெண்ணோடு பார்த்தபோது அவள் முதலில் கேட்டதே "அக்கா, அவ ஏன் பின்னாடி விரல காட்டறா, யாருக்குக் காட்டறா?" என்றுதான். ஆட்டம் ஆடுகிற பிள்ளையின் கண் போகவேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது.

அடுத்து உடை. உடையையும் கேமராவையும் போட்டுக் குழப்பாதீர்கள். பீச் வாலிபாலில் பிகினி என்பது அனிமேக்காரர்கள் கண்டுபிடித்தது கிடையாது, பல வருடம் சர்வதேசப் போட்டிகளின் சீருடை பெரும்பாலும் அதுதான். 2012ல், லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி, ஷார்ட்ஸும் கை வைத்த மேலாடையும் போடலாம் என்று விதி தளர்ந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்து ஜோடி முழுக்கை, முழுக்கால் உடையில் ஆடினார்கள், எதிரே நின்ற ஜெர்மனி ஜோடி பிகினியில், நெட்டுக்கு ரெண்டு பக்கமும் கை உயர்ந்து நிற்கும் அந்தப் புகைப்படம் உலகமெல்லாம் சுற்றியது. பீச் ஹேண்ட்பாலில் கதை வேறு: 2021ல் நார்வே பெண்கள் ஷார்ட்ஸ் போட்டு ஆடியதற்காக 1500 யூரோ அபராதம் விழுந்தது, பெரிய எதிர்ப்பு கிளம்பியபிறகு விதியை மாற்றினார்கள். அதனால் "பிகினி போட்டிருக்கிறாள், ஆகவே மட்டமான தொடர்" என்று எழுதினால் அது அந்த ஆட்டத்தை ஆடும் நிஜப் பெண்களையும் சேர்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும். உடை ஆட்டத்தோடு வருவது. கேமரா எங்கே தங்குகிறது என்பது இயக்குநர் எடுக்கும் முடிவு, கேள்வி கேட்கவேண்டியது அதைத்தான்.

அதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஏதாவது ஒரு ராலியைத் தேர்ந்தெடுத்து, சர்வீஸ் போட்டதிலிருந்து விசில் வரைக்கும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பந்து எங்கே இருக்கிறது, யார் எங்கே நிற்கிறார்கள், கடைசி அடி ஏன் விழுந்தது, இதை ஒலியும் வசனமும் இல்லாமல் உங்களால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்தத் தொடருக்கு ஆட்டத்தின் மேல் மரியாதை இருக்கிறது. ராலி நடுவில் படம் வெட்டிவெட்டி இடுப்புக்கும் மார்புக்கும் போய்விட்டுத் திரும்பும்போது பாயிண்ட் முடிந்திருந்தால், அங்கே மரியாதை இல்லை. ஹருகானா ரிசீவில் ஆட்டம் தொடங்காத இடங்களில், நடந்து வரும்போது, தண்ணீரில் நிற்கும்போது, கேமரா வேண்டாத அளவுக்குத் தங்குகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. பந்து மேலே எழும்பிவிட்டால் பெரும்பாலும் பந்தோடு போகிறது, மணலில் கால் புதைந்து குதிக்க முடியாமல் போவதையும் காட்டுகிறது. நான் தொடர்ந்து பார்த்ததற்கு அதுதான் காரணம்.

இப்போது நாயகிகள். முதல் எபிசோடில் ஹருகா டோக்கியோவிலிருந்து ஒகினாவாவில் பாட்டி வீட்டுக்கு வருகிறாள். உயரமானவள், ஆட்டம் புதுசு, எதற்கும் தயங்காதவள். அங்கே இருக்கும் அவள் உறவுக்காரப் பெண் கனாட்டா குள்ளம், ஆட்டத்தில் கெட்டிக்காரி, ஆனால் உயரம் போதவில்லை என்று விட்டுவிட்டவள். அவளுடைய பழைய ஜோடி நருமி இப்போது வேறொருத்தியோடு ஆடுகிறாள். இங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ரெண்டே பேர் ஆடும் ஆட்டத்தில் ஜோடி பிரிவது என்பது ஒரு டீமிலிருந்து விலகுவது மாதிரி லேசான விஷயமா? ஆறு பேர் ஆட்டத்தில் ஒருத்தி போனால் இன்னொருத்தி வருவாள். இங்கே ஒருத்தி போனால் மற்றவளுக்குக் கோர்ட்டே இல்லை. கனாட்டா கண்ணில் தெரியும் குற்ற உணர்ச்சிக்கு விதிப்புத்தகமே காரணம் சொல்கிறது. நாயகியின் வலி ஆட்டத்தின் அமைப்பிலிருந்தே பிறந்தால் அது நல்ல விளையாட்டுக் கதை. அவளை எடுத்துவிட்டு வேறு ஆட்டத்தில் போட்டாலும் கதை அப்படியே ஓடுமென்றால், ஆட்டம் வெறும் சாக்கு.

இதே அளவுகோலை மற்றவற்றுக்கும் வைத்துப் பாருங்கள். அதே 2018 ஜூலையில் வந்த ஹனெபாடோ பேட்மின்டன் கதை, 13 எபிசோட். நகிசா ஜூனியர் போட்டியில் அயானோ என்ற பெண்ணிடம் மோசமாகத் தோற்று, அந்தக் கோபத்தைத் தன் பள்ளி டீம்மேல் காட்டி, ஆட்களை ஓடவைத்துவிட்டு நிற்கும்போது, அதே அயானோ அதே பள்ளியில் வந்து சேர்கிறாள், அவளுக்கோ ஆடவே விருப்பமில்லை. கால் வைக்கும் முறை, மணிக்கட்டு திரும்புவது, வியர்வை எல்லாம் நிஜம் மாதிரி இருக்கும். இன்னொரு கோடியில் 2016ல் வந்த கெய்ஜோ, தண்ணீரில் மிதக்கும் மேடையில் பெண்கள் ஒருவரை ஒருவர் தள்ளிவிடும் கற்பனை ஆட்டம், கேமரா உடம்பை விட்டு நகர்வதே இல்லை. ஆனாலும் நொசோமி ஜிம்னாஸ்டிக்ஸை விட்டு வருவது குடும்பத்தின் வறுமையைப் போக்கப் பணம் சம்பாதிக்க, சயாகா வருவது அப்பா விரும்பிய ஜூடோவை உதறிவிட்டு. காரணம் அழுத்தமாக இருக்கிறது, கேமரா அதைக் கேட்கவே இல்லை. நான் யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்கள் நீச்சலடிக்கும் ஃப்ரீ என்ற 2013 தொடரையும் ஒரு கை பாருங்கள், தோளையும் முதுகையும் காட்டுவதில் அது ஒன்றும் குறைச்சல் இல்லை, அதைப் பார்த்து முகம் சுளிக்காதவர்கள் இதற்கு மட்டும் சுளிப்பது ஏன் என்று தங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

பெண்கள் விளையாட்டு அனிமேயின் வேர் எங்கே என்று தெரிந்துகொண்டால் பார்வை இன்னும் தெளியும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் பெண்கள் வாலிபால் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது, ஜப்பான் பெண்கள் சோவியத் அணியை வென்று தங்கம் எடுத்தார்கள். அந்த அலையில்தான் 1969ல் அட்டாக் நம்பர் ஒன் தொலைக்காட்சியில் வந்தது. முழங்கால் தேய விழுந்து எழும் பெண்களைப் பார்த்து வளர்ந்த மரபு இது, அதனால் இப்போது வருகிற தொடரிடம் அந்தத் தரத்தை எதிர்பார்ப்பதில் தப்பே இல்லை.

ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். இந்தக் கதைகளில் நாயகிகள் பெரும்பாலும் பள்ளி மாணவிகள். அதனால் எழுதும்போது அவர்களுடைய உடம்பை வர்ணிக்காதீர்கள், யார் அழகு என்று பட்டியல் போடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் ஆட்டத்தில் எடுங்கள். கேமரா தப்பான இடத்தில் தங்கினால் "மூணாவது எபிசோடில் குளியல் காட்சி, தேவையில்லாமல் நீளம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள். அதையே பத்து வரி எழுதிக் கண்டிக்கிறேன் என்பவர்களின் பதிவிலும் கடைசியில் மிஞ்சுவது அந்த வர்ணனைதான்.

சரி, நாயகியை எப்படி வர்ணிப்பது என்று கேட்டால், அவள் ஆட்டத்துக்கு முன்னால் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் கிரவுண்டில் சாயங்காலம் பெண்கள் வாலிபால் ஆடுவார்கள். ட்ராக் பேன்ட், மேலே ஸ்வெட்டர், சிலருக்குக் கொழுந்து பறித்துக் கறுத்த விரல் நுனிகள். பின்வரிசையில் நிற்கும் ஒருத்தி, சர்வீஸ் வரும் ஒவ்வொரு முறையும் ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுத்தான் கையை நீட்டுவாள், குளிரில் முன்கை சிவந்து போயிருக்கும், கம்பளியில் பட்டால் பந்து திசை மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். மூடுபனி ஏறினால் எதிர்ப்பக்கம் சர்வீஸ் போடும் ஆளே தெரியாது, பந்து மட்டும் நெட்டுக்கு மேலே திடீரென்று வரும், அவள் அதை எடுத்து, அடிப்பவருக்குப் பந்தை ஏற்றித் தரும் லிஃப்டர் தலைக்கு மேலே கொண்டுபோய் வைப்பாள். அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு அந்தச் சுருட்டலே போதும். அனிமேயிலும் இப்படி ஒரு சின்னப் பழக்கம் இருக்கும், மணலைக் காலால் சமன் செய்வது, தலைமுடியை இறுக்கிக் கட்டுவது, பாயிண்ட் போனதும் ஜோடியின் முகத்தைப் பார்ப்பதா தவிர்ப்பதா. அதைப் பிடித்து எழுதுங்கள். ஹருகா தோற்றாலும் உடனே ஜோடி பக்கம் திரும்புகிறவள், கனாட்டா கொஞ்சம் தாமதித்துத் திரும்புகிறவள். என் கண்ணில் பட்ட இந்த வித்தியாசம் அவர்கள் கதையில் பாதியைச் சொல்லிவிடுகிறது.

எழுத உட்காரும்போது ஒரு ராலியை முழுசாக விவரியுங்கள், அதற்குத்தான் அதிக இடம். கதைச் சுருக்கம் மூணு வரிக்கு மேல் வேண்டாம். இசை, ஓப்பனிங் பாட்டு பற்றி ஒரு வரி போதும். அப்புறம் நம் ஆட்களுக்கு நிஜமாகவே தேவைப்படும் தகவல், ஹாலில் வைத்துப் பார்க்கலாமா, தம்பி தங்கை பக்கத்தில் இருக்கலாமா என்பது. குளிர்காலத்தில் எல்லாரும் ஒரே அறையில் கணப்பைச் சுற்றி உட்காரும் வீடுகளில் இது சின்ன விஷயமே கிடையாது. எந்த எபிசோடில் எத்தனையாவது நிமிடத்தில் சங்கடமான காட்சி வருகிறது என்று குறித்து வைத்துக் கொடுங்கள், அப்பா உள்ளே வரும்போது ரிமோட் தேடுகிற நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

எழுதியதும் போட்டுவிடாமல் ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் பந்து என்ற சொல் எத்தனை இடத்தில் வந்திருக்கிறது என்று பாருங்கள். ஒன்று ரெண்டு இடம்தான் என்றால் மறுபடி மூணாவது எபிசோடைப் போட்டு ஒரு ராலி பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆறாவது எபிசோட் முடிந்ததும் உங்கள் கருத்து மாறியிருந்தால் பழையதை அழிக்காமல் அதற்கு அடியிலேயே தேதி போட்டு, எந்த ஆட்டத்தில் மாறியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.