காபிச் சக்கையிலிருந்து எரிவாயு: முன்பதப்படுத்தலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எரிவாயு எளிதில் கிடைக்கட்டும் என்று, காபி மண்டியை (காபி வடித்தபின் மிஞ்சும் சக்கை) காஸ்டிக் சோடாவில் (சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம்) ஊறப்போட்டால் மறுநாளே கரைசல் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் கரைந்துவிட்டது, இனி வாயு கொட்டும் என்று தோன்றும். அந்த நிறத்தை நம்புவதுதான் முதல் தவறு. வெறும் வெந்நீரில் போட்டாலும் மண்டி கறுப்பாகத்தான் சாயம் விடும். டிரம்மில் போட்ட காரம் எங்கும் போய்விடாது. சக்கையோடு சேர்ந்து, எரிவாயு உண்டாகும் காற்றுப் புகாத செரிமானக் கலனுக்குள் இறங்கும். அங்கிருக்கும் மீத்தேன் நுண்ணுயிர்கள் அதைத் தாங்குமா என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கு பெரும்பாலும் தராசிலேயே பிசகிவிடுகிறது. வடித்தெடுத்த மண்டியில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ ஈர மண்டியில் 400 கிராம்தான் சக்கை. செய்முறையில் ‘5 சதவீதம் காஸ்டிக்’ என்றிருந்தால் அது உலர் எடைக்கு, அதாவது 20 கிராம். ஈர எடையைப் பார்த்து 50 கிராம் போட்டால் அது 12.5 சதவீதமாகிவிடும். ஒவ்வொரு லோடிலும் ஒரு கைப்பிடி எடுத்து, 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை காயவைத்து ஈரப்பதத்தைப் பார்த்துவிடுங்கள்.

அளவு சரியாக இருந்தாலும் சோடியம் இருக்கிறது. ஒரு கிலோ உலர் சக்கைக்கு 6 சதவீதம் என்றால் 60 கிராம் காஸ்டிக். அதில் சோடியம் மட்டும் 34.5 கிராம். அதை 10 லிட்டர் தீனியாகக் கரைத்து ஊற்றினால் லிட்டருக்கு 3.45 கிராம். 3.5 கிராமை நெருங்கும்போதே மீத்தேன் நுண்ணுயிர்கள் தளரத் தொடங்கும். 8 கிராமில் ஏறக்குறைய முடங்கிவிடும். கலனிலிருந்து வெளிவரும் நீரையே திரும்பக் கரைக்கப் பயன்படுத்தினால் சோடியம் சுற்றுக்குச் சுற்று ஏறும். 2 முதல் 4 சதவீதம் காஸ்டிக், சாதாரண வெப்பத்தில் 24 மணி நேரம் ஊறல், கூடவே சாணக் கரைசல்: எங்கள் பார்வையில் இதற்கு மேல் போவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

ஆய்வகக் குப்பிச் சோதனை இங்கே நன்றாகவே ஏமாற்றும். அதில் நுண்ணுயிர்க் கரைசல் சக்கையைப் போல இரு மடங்கு இருக்கும்; சோடியம் நீர்த்துப்போய், 30 நாளும் வாயு அழகாக வரும். தினமும் தீனி போடும் கலனில் அந்தச் சலுகை கிடையாது. பதப்படுத்தாத சக்கையையும், சக்கையே இல்லாத வெறும் கரைசலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாத சோதனை எதற்கும் உதவாது.

காரத்தைத் தணிக்கக் கந்தக அமிலம் ஊற்றுவது இன்னொரு வம்பு. அதிலுள்ள சல்பேட் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறும், அதில் ஒரு பங்கு வாயுவோடு வரும். அழுகிய முட்டை நாற்றம், அடுப்பிலும் எஞ்சினிலும் அரிப்பு. புளித்த காபிப் பழத்தோலையே கலந்து தணிக்கலாம். ஊறிய சக்கையைக் கழுவி அந்த நீரைக் கொட்டுபவர்களும் உண்டு. கரைந்து வந்த சர்க்கரைப் பொருள்கள் எல்லாம் அந்த நீரில்தான் இருக்கின்றன.

சூடாக்குவதானால் கெட்டியாகச் சூடாக்குங்கள். ஒரு கிலோ உலர் சக்கையை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து 25-லிருந்து 90 டிகிரிக்கு ஏற்ற, தண்ணீருக்கு மட்டுமே 2.7 மெகாஜூல் செலவாகும். அந்தச் சக்கை 300 லிட்டர் மீத்தேன் தந்தாலும் அதன் வெப்பம் 10.7 மெகாஜூல்தான்; கால் பங்கு அடுப்பிலேயே போயிற்று. மண்டியில் ஏற்கெனவே உள்ள ஒன்றரை லிட்டர் நீரோடு நிறுத்திக்கொண்டால் செலவு 0.4 மெகாஜூல்.

மண்டிக்கான முறையைப் பழத்தோலுக்கும் அப்படியே போடாதீர்கள். ஈரமான பழத்தோலில் சர்க்கரையும் பிசினும் நிறைய. அதற்குக் காரம் தேவையில்லை. நறுக்கி, காற்றுப் புகாமல் அழுத்தி மூடிவைத்து, அறுவடை முடிந்த பிறகும் சிறுகச் சிறுகப் போடலாம். ஒரே நாளில் கொட்டினால் கலன் புளித்துவிடும். உலர்முறையில் கிடைக்கும் காய்ந்த மேல்தோல் வேறு ரகம். மிதக்கும், அதற்குத்தான் காரமும் ஊறலும் உதவும்.

மண்டியில் 10 முதல் 15 சதவீதம் எண்ணெய் இருக்கிறது. வாயுவுக்கு அது நல்லதுதான், ஆனால் காரத்தோடு சேர்ந்தால் சோப்பாகி நுரைக்கும், மேலே ஆடையாகக் கட்டும். ஒரு கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ கரிமத் திடப்பொருளில் (உலர் எடையில் சாம்பல் போக மீதி) தொடங்கி, தினமும் கலக்கிவிட்டு, மெல்ல ஏற்றுங்கள். மண்டி மட்டுமே தீனியாக இருந்தால் நிக்கல், கோபால்ட் போன்ற நுண்சத்துகள் பற்றாமல் போகும், அதனால்தான் சாணம்.

ஆவியாகும் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம், அதாவது கலன் புளிக்கிறதா என்று காட்டும் அளவு, 0.4-ஐத் தாண்டினால் தீனியை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். பதறிப்போய்ச் சமையல் சோடாவைக் கொட்டினால் பிஎச் ஏறும், கூடவே சோடியமும் ஏறும்.