கோஸ்டாரிக்காவில் முதல் வெயில்காலப் பயணம்: புதிதாக வந்திருப்பவர்களுக்கு

கோஸ்டாரிக்காவின் தலைநகர் சான் ஹோஸேயும் மதுரையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கே 10 பாகையை ஒட்டி அமைந்திருக்கின்றன. ஆனாலும் இங்கே வேலைக்கு வந்து இறங்கும் நம்மவர் முதலில் குழம்புவது பருவங்களின் பெயரில்தான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மழையற்ற மாதங்களை இந்நாட்டினர் 'வெரானோ', அதாவது கோடை என்கின்றனர்; மே முதல் நவம்பர் வரையிலான மழை மாதங்கள் அவர்களுக்கு 'இன்வியெர்னோ', குளிர்காலம். ஆகவே அலுவலக நண்பர் கோடையில் கடற்கரைக்குப் போகலாம் என்று அழைத்தால், அவர் ஜனவரியைக் குறிப்பிடுகிறார் என்று கொள்ளவும்.

அடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த வறண்ட பருவம் நாடு முழுவதற்கும் பொதுவானதன்று என்பதாகும். வடகிழக்கிலிருந்து வீசும் காற்று கரீபியக் கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து, நாட்டின் நடுவே ஓடும் மலைத்தொடரில் மோதி, கிழக்குச் சரிவிலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தை நனைத்துவிட்டுத் திருநெல்வேலிச் சமவெளிக்கு வெறுங்காற்றாக வந்து சேர்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேற்கே பசிபிக் கரையில் புல் காய்ந்து கிடக்கும் அதே டிசம்பரில், கிழக்கே லிமோன் மாகாணத்தில் நாள்கணக்கில் மழை பெய்யக்கூடும். வந்த முதல் ஆண்டில் 'டிசம்பர் என்றால் வெயில்' என்ற ஒற்றை வாக்கியத்தை நம்பிக் குடும்பத்தோடு கரீபியக் கரையிலுள்ள புவெர்தோ வியெஹோ சென்று, மூன்று நாள்கள் விடுதித் தாழ்வாரத்தில் அமர்ந்து மழையைப் பார்த்துத் திரும்பியவன் நான். கரீபியக் கரைக்குச் செப்டம்பரும் அக்டோபரும்தான் உகந்தவை; அப்போது மேற்கில் மழை உச்சத்தில் இருக்கும்.

எனவே முதல் பயணத்துக்கு வடமேற்கிலுள்ள குவானாகாஸ்தே மாகாணத்தையே பரிந்துரைப்பேன். அங்குள்ள காடு, கோஸ்டாரிக்கா என்றவுடன் மனத்தில் தோன்றும் பச்சைக் காடு அன்று. வறண்ட மாதங்களில் இலை உதிர்க்கும் காடு. இலையில்லாக் கிளைகளில் மஞ்சள் பூக்களை மட்டும் சுமந்து நிற்கும் கொர்தேசா மரம் தொலைவிலிருந்தே தெரியும். தண்ணீர் வற்றி விலங்குகள் எஞ்சிய குட்டைகளைத் தேடி வருவதால், சாந்தா ரோசா, பாலோ வெர்தே தேசியப் பூங்காக்களில் அவற்றைக் காண்பதும் எளிது. பிளாயா கிராந்தே கடற்கரையில் ஏறத்தாழ அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தோல்முதுகு ஆமைகள் இரவில் முட்டையிட வருகின்றன. வழிகாட்டியுடன் மட்டுமே பார்க்கலாம், வராமலும் போகலாம். நம் ஊரில் பங்குனி ஆமை எனப்படும் சிற்றாமையும் இந்நாட்டில் உண்டு. ஆனால் ஓஸ்தியோனால் கடற்கரையில் அது ஆயிரக்கணக்கில் கரையேறும் பெருங்கூட்டங்கள் பெரும்பாலும் மழைக்காலத்துக்கு உரியவை.

மோந்தேவெர்தே மலைக்குச் செல்பவர்கள் 'வறண்ட பருவம்' என்ற சொல்லை மறந்துவிட வேண்டும். மலைமுகட்டைத் தாண்டி வரும் காற்று, வெயில் அடிக்கும்போதே மிக நுண்ணிய சாரலைத் தூவும். இதற்கு இந்நாட்டு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'பெலோ தே காதோ', பூனை மயிர். குற்றாலச் சாரலுக்குக்கூட இவ்வளவு பொருத்தமான பெயரை நாம் சூட்டவில்லை. மழைச்சட்டையும் ஒரு கம்பளிச் சட்டையும் அவசியம்.

எந்த வாரத்தில் செல்வது என்பது, எங்கே செல்வது என்பதற்கு நிகரான கேள்வி. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை; கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் கடற்கரை விடுதிகளின் விலை உச்சத்துக்குச் செல்லும். அதைவிட நெரிசலானது ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம். பெரிய வியாழன், புனித வெள்ளி ஆகிய நாள்களில் பல பேருந்துகள் ஓடுவதில்லை, கடைகளும் பெரும்பாலும் அடைத்திருக்கும். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28 அன்று வருவதால், அந்த ஆண்டு அதற்கு முந்தைய வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. பள்ளிகள் திறந்த பின் வரும் பிப்ரவரி வார நாள்களே என் தேர்வு.

பசிபிக் கரையிலுள்ள மனுவேல் அந்தோனியோ தேசியப் பூங்காவுக்குச் செல்வதானால், வாயிலில் நுழைவுச்சீட்டு விற்பதில்லை என்பதையும், செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வைத்து, இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

வாடகைக் கார் எடுப்பவர்கள், இணையத்தில் காட்டப்படும் மலிவான தினவாடகையில் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்பீடு பெரும்பாலும் சேர்க்கப்பட்டிருப்பதில்லை என்பதை அறிந்து, மொத்தத் தொகையை எழுத்தில் பெற்ற பிறகே பணம் கட்டவும். மாலை 6 மணியளவில் இருட்டிவிடும். மலைச்சாலைகளில் இரவில் ஓட்டுவது சரியன்று. கடற்கரையில் நிறுத்தும் காரில் கடவுச்சீட்டையோ மடிக்கணினியையோ விட்டுச் செல்லாதீர்கள். வழி கேட்டால், தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் தெற்கே என்பது போன்ற பதில்தான் கிடைக்கும். 100 மீட்டர் என்பது ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரையிலான தொலைவு, அளந்த தூரமன்று. பிள்ளையார் கோயிலைச் சொல்லி வழிகாட்டிப் பழகிய நமக்கு இது ஓரிரு நாளில் கைவந்துவிடும். கடலில் இறங்குமுன் உள்ளூர்வாசி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளவும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் பல கடற்கரைகளில் உண்டு.

உணவு பற்றிச் சைவர்களுக்கு ஒரு சொல். 'சோடா' என்ற பலகையைப் பார்த்துக் குளிர்பானக் கடை என்று கடந்துவிட வேண்டாம். அது சிறு உணவகம். சோறு, பீன்ஸ், வறுத்த வாழைப்பழம், காய் என்று ஒரே தட்டில் வரும் 'கசாதோ' நம் வயிற்றுக்கு ஒத்துப்போகும். ஆனால் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழி வரும், அதுவும் வேண்டாம் என்றால் மீன் வரும். ஆகையால் 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லி, பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ந்துள்ளதா என்பதையும் கேட்க வேண்டும். குவானாகாஸ்தேயின் புகழ்பெற்ற கடற்கரையான தமரிந்தோவின் பெயரே புளியமரத்தைக் குறிப்பது. அங்கே புளியைக் கரைத்துச் சர்க்கரையிட்டுக் குளிரக் குளிரத் தருவார்கள். திரும்பும் வழியில் உள்ளூர்ச் சந்தையில், சர்க்கரை சேர்க்காததுதானா என்று கேட்டு, கொட்டையோடு கூடிய புளி வாங்கி வாருங்கள். ரசத்துக்கு அது போதும்.