வீட்டுக்குள் வளரும் செடிக்கு எந்த விளக்கு வாங்குவது?

அலமாரி மேல் வைத்த என் மணி பிளான்ட் நான்கு மாதத்தில் ஒரு முழம் நீண்டது. நன்றாக வளர்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது. ஒருநாள் கிட்டே போய்ப் பார்த்தேன். பழைய தண்டில் இலைக்கு இலை இரண்டு விரல் இடைவெளி. புதிதாக வந்த தண்டில் ஐந்து விரல். இலைகளும் சிறுத்து, வெளிறிப்போயிருந்தன. வெளிச்சம் போதாமல் அதைத் தேடித்தான் செடி நீண்டிருக்கிறது. அறையில் தினமும் விளக்கு எரிந்தது, ஆனால் செடியிலிருந்து 6 அடி உயரத்தில்.

முதலில் வெளிச்சத்தை அளந்து பாருங்கள்

இதில் கண்ணை நம்ப வேண்டாம். மங்கலான அறைக்கும் கண் பழகிவிடும். இலை இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து, ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் கூர்மையாக விழுந்தால் நல்ல வெளிச்சம். நிழலே சரியாகத் தெரியவில்லை என்றால் விளக்கு தேவை.

மொபைலில் லக்ஸ் மீட்டர் ஆப் இருந்தால் இன்னும் வசதி, தோராயமாகத்தான் காட்டும் என்றாலும். ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவுதான் லக்ஸ். ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட் போன்றவை சுமார் 2,000 லக்ஸில் சமாளிக்கும். பெரும்பாலான இலைச்செடிகளுக்கு 5,000 லக்ஸ் வைத்துக்கொள்ளலாம். கள்ளி வகைகளுக்கு 10,000-க்கு மேல் வேண்டும். ஒப்பிட்டுப் பாருங்கள்: உச்சிவெயில் 1 லட்சம் லக்ஸ், இரவில் விளக்கு போட்ட அறை சில நூறுதான்.

எந்த பல்பு?

சாதாரண வெள்ளை எல்இடி போதும். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி, அதாவது நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமேதான். நீலமும் சிவப்பும் அதிகம் பயன்படும். பச்சையும் வீணாவதில்லை, இலையின் உள்ளடுக்கு வரை இறங்கி வேலை செய்கிறது. வெள்ளை எல்இடியில் எல்லாமே கலந்திருக்கிறது. ஊதா நிறத்தில் எரியும் விளக்கிலும் செடி வளரும், ஆனால் இலை மஞ்சளாகிறதா, பூச்சி வந்திருக்கிறதா என்று அந்த வெளிச்சத்தில் தெரியாது. நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் கெல்வின் (K). பெட்டியில் 4000 முதல் 6500 கெல்வின் வரை போட்டிருந்தால் எடுங்கள். வாட்ஸ் என்பது பல்பு இழுக்கும் மின்சாரம். பல்பு மொத்தமாகத் தரும் வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமன். 900 லூமன் எல்இடி ஒன்று, மேலே கவிழ்ந்த மூடியோடு இருந்தால், சின்னத் தொட்டிகள் இரண்டுக்குப் போதும். மூடி இல்லாவிட்டால் பாதி வெளிச்சம் சுவருக்கும் கூரைக்கும் போய்விடும். பழைய குண்டு பல்பு வேண்டாம். அது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போகிறது.

தூரம்தான் முக்கியம்

பலரும் சறுக்குவது இங்கேதான். ஒரு சாண் மேலே இருக்கும் பல்பை ஒரு முழத்துக்கு உயர்த்தினால், தூரம் இரண்டு மடங்கு. வெளிச்சம் பாதியாகும் என்று நினைப்போம், கால்வாசிதான் மிஞ்சும். மேலே சொன்ன பல்பு ஒரு சாணில் ஏறக்குறைய 5,000 லக்ஸ் தரும். 6 அடியில் 100 கூடத் தேறாது. அதிக விலை பல்பு வாங்குவதற்கு முன், இருக்கும் பல்பைக் கீழே இறக்கிப் பாருங்கள். இலை உயரத்தில் புறங்கையைக் கொஞ்ச நேரம் வையுங்கள். சூடு தெரிந்தால் சற்று உயர்த்துங்கள். தண்ணீர் தெளிக்கும்போது பல்பிலும் வயரிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணி நேரம்?

ஒரு நாளில் மொத்தமாகக் கிடைக்கும் ஒளிதான் கணக்கு. அதனால் வெளிச்சம் குறைவாக இருந்தால் நேரத்தைக் கூட்டி ஓரளவு ஈடுகட்டலாம். 12 மணி நேரத்தில் தொடங்குங்கள், 14 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம், செடிக்கு இருட்டும் தேவை. ஒரு டைமர் மாட்டிவிட்டால் மறதி பற்றிய கவலை இல்லை.

அப்புறம் மூன்று வாரம் பொறுங்கள். பழைய இலையை விட்டுவிட்டுப் புதுத்துளிரைக் கவனியுங்கள். இடைவெளி இன்னும் நீண்டால் விளக்கை இறக்குங்கள். இலை வெளுத்து, ஓரம் காய்ந்து சுருண்டால் உயர்த்துங்கள். வெளிச்சம் கூடியதும் மண் சீக்கிரம் காயும், தண்ணீரையும் பார்த்து ஊற்றுங்கள்.

ஏற்கெனவே நீண்டுபோன தண்டு திரும்பச் சுருங்காது. என் மணி பிளான்டில் அந்த ஐந்து விரல் பகுதியைக் கணுக்களோடு வெட்டித் தண்ணீரில் போட்டேன், வேர் விட்டது. தாய்ச்செடியில் வெட்டிய இடத்துக்குக் கீழே புதுக்கிளை வந்திருக்கிறது. அதில் இலைக்கு இலை இரண்டு விரல்தான்.