லோயர் பரேலில் ஒரு நாள்: லால்பாக்கிலிருந்து தொடங்குங்கள்

மும்பைக்கு வருகிற சொந்தக்காரர்கள் இப்போதெல்லாம் லோயர் பரேலுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். பழைய பஞ்சாலைக்குள் கபே, பூச்சு உரிந்த செங்கல் சுவர், உயரமான கூரை என்று போனில் பார்த்துவிட்டு வருகிறார்கள். நானும் சந்தோஷமாகக் கூட்டிப் போவேன், ஆனால் மாலில் இருந்து தொடங்க மாட்டேன். நேராக அங்கே போய் இறங்கினால் மில் புகைபோக்கி வெறும் அலங்காரமாகத்தான் தெரியும். கிழக்கே லால்பாக்கில் ஆரம்பித்து, தொழிலாளிகள் குடியிருந்த தெருக்கள் வழியாக மேற்கே நடந்து வந்தால்தான் அது எதனுடைய மிச்சம் என்று புரியும்.

சனிக்கிழமை போங்கள். வார நாட்களில் ஆபீஸ் கூட்டம் நடக்கவே விடாது. பெருமழைக் காலம் வேண்டாம், பரேல் பக்கம் தண்ணீர் தேங்கிவிடும். விநாயகர் சதுர்த்தி நாட்களில் 1934 முதல் வைக்கப்படும் ‘லால்பாக்சா ராஜா’வைப் பார்க்க வருகிற வரிசை எல்லாத் தெருவையும் அடைத்துக்கொள்ளும். அது பிள்ளையாருக்காக மட்டும் போக வேண்டிய நாள். சென்ட்ரல் லைனில் ஸ்லோ வண்டி பிடித்து கரி ரோடில் இறங்குங்கள், பாஸ்ட் வண்டி அங்கே நிற்காது.

காலையில் முதல் வேலை லால்பாக் மசாலாக் கடைகள். மார்ச் முதல் மே வரை போனால் இந்த இடமே ஒரு திருவிழா. மழைக்கு முன் வருஷத்துக்கான மசாலாவை இடித்து வைத்துக்கொள்ள வீட்டுப் பெண்கள் வந்துவிடுவார்கள். நிறத்துக்கு பேட்கி, காரத்துக்கு லவங்கி, இரண்டுக்கும் நடுவே சங்கேஷ்வரி என்று மிளகாயைக் கையில் எடுத்து ஒடித்து, விதையை உதறிப் பார்த்து வாங்குவார்கள். பெரிய வாணலியில் வறுபட்டதும் இடிக்கிற இயந்திரத்துக்குப் போகும். வரிசையாக இரும்பு உலக்கைகள் ஏறி ஏறி இறங்கும், பக்கத்தில் நின்றால் தரை அதிர்வது காலில் தெரியும். மிளகாய் நெடிக்குக் கைக்குட்டை கட்டாயம். மசாலாச் சாமான்களில் நம் செட்டிநாட்டுக் கல்பாசியும் இருக்கும், அங்கே அதற்கு ‘தகட்பூல்’ என்று பெயர். இடித்த மால்வணி மசாலா கால் கிலோ வாங்கி, இரண்டு கவர் போட்டுக் கட்டித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாள் முழுக்க பை மணக்கும். பக்கத்திலேயே அவல் மிக்சர் விற்கிற சந்தான சிவ்டா கல்லி இருக்கிறது, மிக்சர் பிரியர்களுக்கு அது போதும்.

மால்வணி மசாலா இங்கே எப்படி வந்தது? மில் வேலைக்கு ரத்னகிரி, சிந்துதுர்க் பக்கத்துக் கொங்கண் கிராமங்களிலிருந்து ஆண்கள் தனியாக வந்து ஒரே அறையில் பலராகத் தங்கினார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்டது இங்கே ‘சால்’ என்கிற, வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட மாடிக் குடியிருப்புகளில் இருந்த பெண்கள்தான். ‘கானாவள்’ என்று பெயர், நம் ஊர் மெஸ் மாதிரி. அந்தப் பெண்களை ஒன்றுசேர்த்து பிரேமா புரவ் 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டல் தொடங்கினார். என்னோடு ஆபீசில் இருந்த தோழியின் ஆயி, அதாவது அம்மா, அப்படிச் சமைத்தவர். மில் சங்கு ஊதுவதற்குள் டப்பா கைக்குப் போயிருக்க வேண்டும் என்பார். இந்த வட்டாரத்தின் வழியை எனக்குக் காட்டியவரும் அவர்தான். அதனால் மதியச் சாப்பாட்டை கபேக்காகத் தள்ளிவைக்காதீர்கள். சின்ன மால்வணி ஓட்டலில் பொம்பில் மீன் வறுவல், வஞ்சிரக் குழம்பு, கடைசியில் ஒரு டம்ளர் சோல்கடி, அதாவது கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பானம். வெயிலுக்கு அதைவிட நல்லது ஒன்றும் கிடையாது.

சாப்பிட்டு என்.எம். ஜோஷி மார்க் பக்கம் நடங்கள். பழைய ஆட்கள் டிலைல் ரோடு என்பார்கள். 1920களில் கட்டிய பி.டி.டி. சால்கள் இந்த வட்டாரத்தில்தான். அவற்றை இடித்துக் கோபுரங்கள் எழுப்பும் வேலை நடக்கிறது, இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவை குடியிருப்புகள். நடைபாதையில் துணி காய்வதையும் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ‘நமஸ்கார் காக்கா’ என்று பேச்சுக் கொடுங்கள், மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா. வயதானவர் என்றால் சங்கு, ஷிப்ட், ஸ்டிரைக் எல்லாம் தானாக வரும்.

அந்த ஸ்டிரைக்கைத் தெரிந்துகொள்ளாமல் மேற்கே போக வேண்டாம். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். சம்பளம், போனஸ் மட்டுமல்ல, தங்களுக்குப் பிடித்த சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கோரிக்கை. ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. பெரும்பாலானோருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு எளியவர் வீடுகளுக்கு என்று 1991இல் விதி வந்தது. 2001இல் அதைக் காலி நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள், 2006இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. பூங்காவாகவும் வீடாகவும் ஆகியிருக்க வேண்டிய இடம் அப்படித்தான் சுருங்கியது. எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு.

சரி, இப்போது ரயில் பாதை மேல் போகிற பாலத்தைத் தாண்டுங்கள். ஸ்ரீநிவாஸ் மில் இருந்த இடத்தில் வர்ல்ட் ஒன் கோபுரம் நிற்கிறது. சேனாபதி பாபட் மார்க்கில் பீனிக்ஸ் மில் மாலாகிவிட்டது, அதன் புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். நான்கு மணிக்கு மேல் மதுராதாஸ் மில், கமலா மில் வளாகங்களுக்குப் போகலாம். கடைகள் அடிக்கடி மாறுவதால் பெயர் சொல்லவில்லை. ஒரே ஒரு விதி: கட்டடத்தைத் தொடாமல் விட்ட கபேயாகப் பாருங்கள். இரும்புத் தூண்களும் வடக்குப் பார்த்த கூரைச் சன்னல்களும் அப்படியே இருந்தால் உட்காருங்கள். செங்கல் மாதிரி வால்பேப்பர் ஒட்டியிருந்தால் அடுத்த கடை.

இரவு அங்கேயே சாப்பிடுவதானால், உட்காருமுன் வெளியேறும் வழி எங்கே, அது பூட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 2017 டிசம்பர் 29 பின்னிரவில் கமலா மில் வளாகத்து மாடி உணவகங்களில் பிடித்த தீயில் 14 பேர் இறந்தார்கள். மொட்டைமாடி இடங்களில் நான் வாசல் பக்க மேசையைத்தான் கேட்பேன்.

திரும்ப லோயர் பரேல் ஸ்டேஷனில் வெஸ்டர்ன் லைன் பிடிக்கலாம். மாதுங்கா, சயான் பக்கம் போகிற நம் ஆட்கள் தாதரில் இறங்கி சென்ட்ரல் லைனுக்கு மாறிக்கொள்ளுங்கள். மசாலாப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்திருங்கள். தாதர் பாலத்து நெரிசலில் கவர் கிழிந்தால் சுற்றி நிற்கிற எல்லோரும் தும்முவார்கள்.