ஹெட்செட் மைக்கில் குரல் எடுபடவில்லையா? வாயிலிருந்து செயலி வரை ஒரு சோதனை

எடை குறைந்த ஹெட்செட்டைக் காதில் மாட்டியிருப்பதே தெரியாது. ஆனால் அந்த எடைக்குறைப்பில் முதலில் அடிபடுவது மைக்தான். மைக் தண்டு குட்டையாகிக் கன்னத்தோடு நின்றுவிடும், அல்லது தண்டே இல்லாமல் வயரில் ஒரு சின்னக் குமிழாகத் தொங்கும். எதிர்முனையில் இருப்பவர் "கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்" என்றதும் பலர் நேராகக் கணினியில் பூஸ்ட் (மைக்கிலிருந்து வருவதைப் பெருக்கிக் காட்டும் அமைப்பு) அளவைத்தான் ஏற்றுகிறார்கள். அதைக் கடைசியில் செய்வதே நல்லது. பூஸ்ட் குரலை மட்டும் உயர்த்துவதில்லை. மின்விசிறிச் சத்தத்தையும் கணினியின் உள்ளிரைச்சலையும் அதே அளவு உயர்த்துகிறது.

தொடங்கும் முன், ஒலிப்பதிவுச் செயலியில் உங்கள் இயல்பான குரலில் ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 11-இல் இதற்குச் சவுண்ட் ரெக்கார்டர் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே வாக்கியத்தைப் பதிந்து ஒப்பிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் வேண்டாம். எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

படி 1: கேட்பது எந்த மைக்?

மடிக்கணினியில் இதுதான் அடிக்கடி நடக்கும் குளறுபடி. நீங்கள் ஹெட்செட்டில் பேசுகிறீர்கள். கணினியோ திரைக்கு அருகே உள்ள தன் சொந்த மைக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறது. கண்டுபிடிப்பது எளிது. பதிவு ஓடும்போது ஹெட்செட் மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். கரகரவென்று பெரிதாகக் கேட்டால் சரியான மைக்தான். ஒன்றும் கேட்காமல், மடிக்கணினியின் உடலைத் தட்டும்போது மட்டும் சத்தம் எழுந்தால், செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் இன்புட் பகுதியில் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

படி 2: மைக் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது?

இதைச் சற்று நிதானமாகச் செய்யுங்கள். ஒரு சிறிய ஒலிமூலத்திலிருந்து தூரம் இரு மடங்கானால் ஒலி அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து 3 சென்டிமீட்டரில் இருந்த மைக் 12 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் போனால் இழப்பு சுமார் 12 டெசிபல். அதாவது மைக்கிலிருந்து வரும் மின்குறிப்பு நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இரைச்சல் தடுக்கும் வகை மைக்குகளில் நிலைமை இன்னும் கடுமை. தொலைவிலிருந்து வருவதை ஒதுக்குவதற்காகவே அவை வடிவமைக்கப்பட்டவை. விலகிப் போன உங்கள் குரலையும் அவை அப்படித்தான் ஒதுக்கும்.

மைக்கை உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் அகலத்தில் நிறுத்துங்கள். வாய்க்கு நேர் எதிரே வைத்தால் 'ப' ஒலி வரும் இடமெல்லாம் மூச்சுக் காற்று மோதி வெடிக்கும். தண்டைத் திருப்பிப் பாருங்கள்: சிறு துளையோ வலையோ உள்ள பக்கம்தான் உதட்டை நோக்க வேண்டும். தண்டு சுழலும் வகை ஹெட்செட்டில் அது நமக்குத் தெரியாமலேயே வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். பின்பக்கத் துளை இருந்தால் அதை ஒட்டி மறைக்காதீர்கள். அது இரைச்சலைக் கழிக்கும் வேலைக்காக வைக்கப்பட்டது. பஞ்சு உறையில் தூசியோ ஈரமோ இருந்தால் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள். மைக்கின் மீது தண்ணீர் படக்கூடாது. உலர்ந்த மென்தூரிகை போதும்.

வயரில் தொங்கும் மைக் என்றால், சட்டையில் உரசாமல், மார்புக்கு மேலே காலர் உயரத்தில் ஒரு கிளிப்பால் நிறுத்துங்கள்.

படி 3: வயர் நுனியில் உள்ள பின் (பிளக்) முழுவதும் உள்ளே போயிருக்கிறதா?

3.5 மில்லிமீட்டர் பின்னில் கருப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் ஒலியும் மைக்கும் ஒரே பின்னில் வருகின்றன. மேசைக் கணினியில் பச்சை, இளஞ்சிவப்பு என இரண்டு துளைகள் தனித்தனியே இருந்தால், அந்தப் பின்னைப் பச்சையில் செருகினால் காதில் கேட்கும், மைக் வேலை செய்யாது. ஒலியையும் மைக்கையும் இரண்டு பின்களாகப் பிரிக்கும் சிறு இணைப்பு வயர் தேவை. வயரில் உள்ள மியூட் பொத்தானையும் பாருங்கள். அருகில் உள்ள உருளும் சக்கரம் பெரும்பாலும் காதுக்கான ஒலியைத்தான் கூட்டும், குறைக்கும்; மைக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

படி 4: வேறு கருவியில் மாட்டிப் பாருங்கள்

அதே ஹெட்செட்டைக் கைப்பேசியில் இணைத்து அதே வாக்கியத்தைப் பதியுங்கள். அங்கே தெளிவாகக் கேட்டால் ஹெட்செட் நலமாக இருக்கிறது, கோளாறு கணினியில். அங்கேயும் குரல் முனகலாக வந்தால், அடுத்த இரண்டு படிகளில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

படி 5: விண்டோஸ் அளவுகள்

இன்புட் பகுதியில் ஹெட்செட்டின் பெயரைத் தொட்டால் இன்புட் வால்யூம் வரும். அதை 80 முதல் 100-க்குள் வையுங்கள். அங்கேயே 'ஸ்டார்ட் டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பேசினால் முடிவைச் சதவீதத்தில் காட்டும்.

போதவில்லையென்றால் இப்போது பூஸ்ட். சவுண்ட் பக்கத்தின் கீழே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்', பிறகு 'ரெக்கார்டிங்', ஹெட்செட்டின் 'ப்ராப்பர்டீஸ்', 'லெவல்ஸ்'. மைக்ரோஃபோன் பூஸ்ட் வழக்கமாக 10, 20, 30 டெசிபல் எனப் படிப்படியாக ஏறும். 10 என்பதே மின்குறிப்பை மூன்று மடங்குக்கு மேல் பெருக்கும். 20 என்றால் பத்து மடங்கு. பத்தில் நிறுத்திப் பதிவைக் கேளுங்கள். முப்பதுக்குப் போக வேண்டியிருந்தால் 2-ஆம் படியை மறுபடி பார்ப்பது மேல். யுஎஸ்பி ஹெட்செட்டில் இந்த பூஸ்ட் பல நேரம் இருக்கவே இருக்காது. தேடி அலைய வேண்டாம்.

மேக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸ், சவுண்ட், இன்புட் என்ற வழியில் ஒரே ஒரு அளவுக்கோடு இருக்கும்.

படி 6: செயலியின் தலையீடு

பதிவில் குரல் நன்றாக இருந்து, அழைப்பில் மட்டும் குறைந்தால் அழைப்புச் செயலிதான் காரணம். ஜூம் போன்றவற்றில் மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் தெரிவு உண்டு. அதை நீக்கிவிட்டு அளவை நீங்களே வையுங்கள். டிஸ்கார்டில் வாக்கியத்தின் முதல் எழுத்து விழுங்கப்பட்டால், இன்புட் சென்சிட்டிவிட்டியின் வரம்பை (எவ்வளவு சத்தத்துக்கு மேல் மைக் திறக்க வேண்டும் என்ற அளவை) தாழ்த்துங்கள். பல செயலிகள் மைக்கைத் தனியாகவே தேர்ந்தெடுக்கின்றன; ஆகவே 1-ஆம் படியின் கேள்வியை இங்கேயும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கைப்பேசியில் நன்றாகவும் கணினியில் மட்டும் மெல்லவும் கேட்டால், மைக் துளை உள்ள ஒரு சிறு யுஎஸ்பி ஒலி அடாப்டரை முயலலாம். மைக் தருவது சில மில்லிவோல்ட் குறிப்புதான்; அதைப் பெருக்கும் வேலை கணினியின் சொந்தச் சுற்றிலிருந்து அடாப்டருக்கு மாறிவிடும். கைப்பேசியிலும் மெல்லவே கேட்டால் அடாப்டர் வாங்காதீர்கள். உத்தரவாதக் காலம் மீதமிருக்கிறதா என்று பார்த்து, அந்த இரண்டு பதிவுகளையும் சேர்த்து அனுப்பி மாற்றித் தரச் சொல்லுங்கள்.